மூச்சு விடக் கூடாது

மனிதர்களை ஊதச் சொல்வது என் வேலை.
ஊலு நகரம், மருத்துவமனையின் கீழ்த்தளம், மூன்றாம் அறை.
"ஊதுங்கள், ஊதுங்கள், இன்னும், இன்னும்,
அடியில் ஒட்டியிருப்பதையும்..."
பதினேழு வருடமாகச் சொல்லிச் சொல்லி
வீட்டில் சூப்பை ஆற்றும்போதும்
வாய் தானாக முணுமுணுக்கிறது.

தூலிக்கி ராஹ்கொனென்
பனி வாரும் வண்டி ஓட்டுகிறவள்.
ஒன்பது வயதில் வந்த சர்க்கரை.
பார்க்கிங் சீட்டின் பின்புறம்
கணக்குப் போட்டுக் காட்டினாள்:
நாளைக்கு நாலு, இருபத்தைந்து வருடம்,
முப்பத்தாறாயிரத்து ஐந்நூறு ஊசி.
"லீப் வருடங்களைத் தள்ளுபடி செய்துவிட்டேன்."

மைனஸ் இருபத்தெட்டு, விடிகாலை நாலு மணி.
இன்சுலின் பேனாவை உள்சட்டைக்குள் வைத்து
முட்டையைப் போல அடைகாப்பாளாம்.
உறைந்தால் மருந்து செத்துவிடும்.
பசித்தால் வண்டியை ஓரங்கட்டி
மூன்று அடுக்கு உடுப்பை விலக்கி
தன் வயிற்றைத் தானே தேடிப் பிடிக்க வேண்டும்.
கண்ணாடிக்கு வெளியே பனி,
தெருவே தெரியாத வெள்ளை.

பிறகு பொடி வந்தது.
செய்த பொறியாளன் யஸ்பர்
கோபன்ஹேகனிலிருந்து ஒருமுறை வந்திருந்தான்.
"துகள் பெரிதானால் தொண்டை பிடித்துக்கொள்ளும்,
ரொம்பப் பொடிந்தால்
போன மூச்சோடு திரும்பி வந்துவிடும்.
நடுவில் ஓர் அளவு உண்டு.
அதைப் பிடிக்க ஆறு வருடம்" என்று
வழுக்கையைத் தடவிக்கொண்டான்.

இழு. நிறுத்து.
பத்து எண்ணும்வரை மூச்சு விடக் கூடாது.
அவள் கையெழுத்திட்ட தாளிலும் அதுதான் இருந்தது:
ஆய்வு முடியும்வரை
வெளியே மூச்சு விடக் கூடாது.

முதல் மாதம் இருமினாள்.
இரண்டாம் மாதம் சொன்னாள்:
"நேற்று வண்டியிலேயே உறிஞ்சினேன்.
கையுறையைக் கூடக் கழற்றவில்லை.
கம்புமாவு ரொட்டி, மீன், கொஞ்சம் ஜாம்.
யாரும் பார்க்கவில்லை.
பார்த்திருந்தாலும்
ஏதோ விசில் என்று நினைத்திருப்பார்கள்."

இரவு ஊசி மட்டும் தொடர்ந்தது, தொடையில்.
நின்று நிதானமாக வேலை செய்யும் மருந்துக்கு
மூச்சின் வழி இன்னும் தெரியாது.
"நாலில் மூன்று போனதே" என்றாள்.

பதினோராம் மாதம் ஊதினாள்.
மூன்று புள்ளி நாலு ஒன்று இருந்த இடத்தில்
மூன்று புள்ளி இரண்டு எட்டு.
மறுபடி ஊதச் சொன்னேன்.
மறுபடியும் அதே.
குறைந்தது ஒரு சின்ன காப்பிக் கோப்பை அளவு காற்று.
"என்ன?" என்றாள்.
"மெஷின் தினம் ஒரு மாதிரி."
பொய். தினமும் காலையில்
மூன்று லிட்டர் சிரிஞ்சால் காற்றைத் தள்ளி
அதைச் சரிபார்ப்பதே நான்தான்.
ஊசி இல்லாத சிரிஞ்சு.
எண்ணை எழுதினேன், மேலே அனுப்பினேன்.
இரவெல்லாம் அந்தக் கோப்பை
மேசையில் காலியாக இருந்தது.

கடிதம் வந்தது. காரணம் நுரையீரல் அல்ல.
எண்களை யாரும் இன்னும் கூட்டிப் பார்க்கவே இல்லை.
வணிகக் காரணங்களால் நிறுத்தம்.
கருவிகளைத் திருப்பித் தரவும். ஒத்துழைப்புக்கு நன்றி.

கம்பளிக் காலுறைக்குள் சுற்றிக் கொண்டுவந்தாள்.
"கழுவியிருக்கிறேன்" என்று நீட்டினாள், கருவியை.
அப்போதுதான் சொன்னேன்
அந்தக் கோப்பையைப் பற்றி.
கோபப்படுவாள் என்று நினைத்தேன்.
"அது எனக்கே தெரியும்.
மூன்றாம் மாடி வரை ஏறுகிறவள் நான்தானே."
கொஞ்சம் நின்று, "இருந்தாலும்
இன்னும் உறிஞ்சியிருப்பேன்" என்றாள்.

மணி பன்னிரண்டு, சாப்பாட்டு நேரம்.
புதுப் பேனாவில் இரண்டு அலகு திருகி
சட்டையை உயர்த்தினாள்.
தொப்புளின் இரு பக்கமும்
கல்லாய் இறுகியிருந்த இடங்கள்
தளர்ந்திருந்தன. சாதாரணத் தோலாய்.
விரலால் அழுத்திப் பார்த்தாள்.
என் விரலையும் பிடித்து அழுத்திக் காட்டினாள்.

"இங்கே வேண்டாம்" என்று சட்டையை இறக்கினாள்.
"இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும்."

காற்சட்டையைத் தளர்த்தி
தொடையில் இடம் தேடினாள்.
நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.
பத்து எண்ணினேன்,
மூச்சு விடாமல்.